ஹெல்மெட்டைக் கழற்றாதீங்கப்பா!

வேற்றுலகில் இறங்கியதும், காற்றில் ஆக்சிஜன் இருக்கிறது என்று கருவி காட்டினால் மூச்சு விடலாம், அவ்வளவுதான். அதில் என்ன கிருமி மிதக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 2012இல் வந்த 'ப்ரொமீதியஸ்' என்ற விண்வெளிப் படத்தில் விஞ்ஞானி ஒருவர் இப்படித்தான் ஹெல்மெட்டைக் கழற்ற, பின்னாலேயே மற்றவர்களும் கழற்றுகிறார்கள். 1969இல் வறண்ட நிலாவுக்குப் போய்வந்த அப்போலோ 11 ஆட்களையே, அங்கே இறங்கியதிலிருந்து 21 நாள் கணக்குப் போட்டுத்தான் வெளியே விட்டது நாசா!

அதைவிடக் கொடுமை, அதே படத்தில் சுரங்கவழிகளுக்குள் குட்டிக் கருவிகளைப் பறக்கவிட்டு வரைபடம் எடுத்த நிலவியலாளரே வழி தெரியாமல் சுற்றுவது. விண்கப்பலில் கேப்டன் முன்னால் அந்த வரைபடம் ஜெகஜ்ஜோதியாக ஒளிர்கிறது. 'இடப்பக்கம் திரும்பு' என்று சொல்லக்கூடாதா? கூட இருக்கும் உயிரியலாளரோ, படமெடுத்து நிற்கும் ஜந்துவைக் கொஞ்சிக் கை நீட்டுகிறார். (பாம்பாட்டிகூட யோசிப்பார்.)

தப்பான முடிவே கூடாது என்றில்லை. 1979 'ஏலியன்' படத்தில், முகத்தில் ஜந்து ஒட்டிக்கொண்ட சக ஊழியரைத் தூக்கி வருகிறார்கள்; 24 மணி நேரத் தனிமைப்படுத்தல் விதியைச் சொல்லி விண்கப்பல் அதிகாரி ரிப்ளி கதவைத் திறக்க மறுக்கிறாள்; கப்பலின் விஞ்ஞானி ஆஷ் திறந்துவிடுகிறான். ஜந்துவைக் கொண்டுவரச் சொல்லி அவனுக்கு ரகசிய உத்தரவு இருந்தது பிறகு தெரிகிறது. 'ப்ரொமீதியஸ்' படத்திலேயும் 'புயலில் சிக்னல் போச்சு, வரைபடம் வரலை' என்று ஒற்றை வரி வசனம் வைத்திருந்தால் வாயை மூடிக்கொண்டு பார்த்திருப்போம்.