பாம்புக்கடிக்குப் பிளேடு வைத்தியமா?

பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் காட்டு வேலைக்குப் போகிறவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: “பாம்பு கடித்தால் மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டி, கடிவாயைப் பிளேடால் கீறி ரத்தத்தை வெளியேற்றுங்கள். விஷம் இறங்கிவிடும், ஊசி தேவையில்லை.”

தவறு. அதுவும் ஆளைக் கொல்லும் தவறு.

கண்ணாடி விரியனின் விஷம் ரத்தத்தை உறையவிடாது. அந்த நேரத்தில் கீறினால் ரத்தம் நிற்கவே நிற்காது. ஆஸ்பத்திரியில் இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு: சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து உடனே ஏறும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் அந்த ஒரே மருந்துதான். பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

இறுக்கிய கட்டு காலை அழுக வைக்கும். சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக உடம்பில் ஏறும்.

சரி, என்ன செய்வது? மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றுங்கள், வீங்கும். கடிபட்ட கையையோ காலையோ மரச்சட்டம் வைத்து, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல அசையாமல், ஆனால் இறுக்காமல் கட்டி, நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

கட்டுவிரியன் கடி பல நேரம் வலிக்காது, தடமும் தெரியாது. தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலி என்று எழுந்து, இமை தானாகச் சரிந்தால், காத்திருக்காமல் கிளம்புங்கள்.