எதிரே வருபவனுக்கும் கண் இருக்கிறது

காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் இரவு எட்டு மணிக்கு மேல் வண்டி ஓட்டுகிற யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எதிரே வரும் வெள்ளை வெளிச்சத்தைப் பற்றித்தான் முதலில் புலம்புவார்கள். பள்ளமும் வேகத்தடையும் அதற்குப் பிறகுதான். ஒரு வண்டி கடந்து போனதும் தார் எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு குருட்டாம்போக்கில் போவது எங்கள் பக்கத்தில் அன்றாட வழக்கமாகிவிட்டது. எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது.

கம்பெனியிலிருந்தே எல்இடி விளக்கோடு வரும் வண்டிகளை நான் இங்கே குறை சொல்லவில்லை. அவற்றுக்கு லென்ஸும், ஒளியைத் திருப்பி முன்னால் அனுப்பும் ரிஃப்ளெக்டரும் எல்இடிக்கென்றே வடிவமைக்கப்படுகின்றன. என் கோபமெல்லாம் ஹாலஜன் பல்புக்காக, அதாவது இழை சூடாகி ஒளிவிடும் பழைய வகைப் பல்புக்காகச் செய்த ஹெட்லைட்டுக்குள், பல்பை மட்டும் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய எல்இடி பல்பைத் திணித்துக்கொண்டு திரிகிறவர்கள் மேல்தான். அதை விற்கிறவர்கள் மேல் இன்னும் அதிகம்.

நம் கார்களிலும் வேன்களிலும் பரவலாக இருப்பது எச்4 பல்பு. 12 வோல்ட், 60/55 வாட். அரை நூற்றாண்டாகப் புழக்கத்தில் இருக்கும் சாதனம். உள்ளே இரண்டு இழைகள், தூரத்துக்கு அடிக்கும் ஹை பீமுக்கு ஒன்று, எதிரே வண்டி வரும்போது தாழ்த்திப் போடும் லோ பீமுக்கு ஒன்று. லோ பீம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். இழையின் வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாமல் அந்தக் கிண்ணம் தடுத்துவிடும். அதனால் ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் வெளிச்சம் பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கிச் சாலைக்குத் திரும்பும். கீழ்ப்பாதியில் பட்டால் அது மேல்நோக்கி எழும், எதிரே வருபவனின் முகத்துக்கே போகும். கிண்ணத்தின் விளிம்பு ஒருபுறம் சாய்ந்திருப்பதும் காரணத்தோடுதான். நடந்து போகிறவர், மைல்கல், விளக்கில்லாமல் நிற்கும் கரும்பு டிராக்டர் எல்லாம் தெரியவேண்டும் என்பதற்காக நம் ஊரில் இடது ஓரம் மட்டும் கொஞ்சம் தூரம் கூடுதலாகத் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். இழை தன் இடத்திலிருந்து ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே இந்தக் கணக்கெல்லாம் கெட்டுவிடும். அவ்வளவு நுணுக்கமாகச் செய்து கொடுத்த பொருள் அது.

அதைக் கழற்றிவிட்டு என்ன போடுகிறார்கள்? ஒரு தகட்டின் இரு பக்கத்திலும் எல்இடி சில்லுகளை ஒட்டி, பின்னால் ஒரு குட்டி மின்விசிறியை வைத்த பல்பு. இழை தன்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒளி விடும். சில்லு தான் பார்க்கும் பக்கம் மட்டுமே விடும். தகட்டின் கனம் வேறு, சில்லுகளின் அகலம் வேறு, அவை நிற்கும் இடம் வேறு. ரிஃப்ளெக்டருக்கு இந்தப் புது விருந்தாளியைத் தெரியாது. இழை அங்கே இருக்கிறது என்று எண்ணிச் செய்த வளைவுகள் வெளிச்சத்தை மரத்துக்கும் வானத்துக்கும் எதிரே வருபவனின் கண்ணுக்கும் வாரி இறைக்கின்றன. கீழ்பவானி வாய்க்காலில் மடையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, தண்ணீர் நிறைய வருகிறது பார் என்று பெருமைப்பட்டால் ஊர் விவசாயிகள் சும்மா விடுவார்களா? அந்தத் தண்ணீர் யார் வயலுக்கும் பாயாது. ரோட்டில்தான் ஓடும்.

கடைக்காரர்களுக்கு இது எதுவும் கவலையில்லை. எங்கள் ஊர்க் கடை ஒன்றில் என் கண்முன்னே நடந்ததைச் சொல்கிறேன். ஏழெட்டு வருடம் ஓடிய காரோடு ஒரு பெரியவர் வந்தார். ராத்திரியில் ரோடு சரியாகத் தெரியவில்லை என்றார். கடைப் பையன் ஹெட்லைட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எல்இடி போட்டுவிடலாங்க ஐயா, பகல் மாதிரி இருக்கும்" என்றான். பெட்டியில் 20,000 லூமன் என்று அச்சடித்திருந்தது. லூமன் என்பது பல்பு விடும் வெளிச்சத்தின் அளவு. எச்4 பல்பின் முறையான அளவு லோ பீமில் சுமார் 1,000 லூமன், ஹை பீமில் சுமார் 1,650. இந்த 20,000 எங்கிருந்து வந்தது? யார் அளந்தார்கள்? அதில் பாதி உண்மையாக இருந்தால்கூட அந்தப் பல்பைச் சாலையில் எரிய விடுவது குற்றம். பொய்யாக இருந்தால் அந்தப் பெரியவரை ஏமாற்றிய குற்றம். அவருடைய கார் ஹெட்லைட்டின் முன்கண்ணாடி வெயிலில் மஞ்சள் பூத்துக் கிடந்தது. அதைத் தேய்த்துச் சுத்தம் செய்திருந்தாலே அவர் குறை பெரும்பகுதி தீர்ந்திருக்கும். அதில் லாபம் கம்மி என்பதால் யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். பையன் முறைத்தான். பெரியவர் எல்இடியே போட்டுக்கொண்டு போனார், ஏனென்றால் கடைச்சுவரில் வெளிச்சம் பளீரென்று விழுந்தது.

சுவரில் பளீரென்று விழுவதை வைத்து ஹெட்லைட்டை மதிப்பிடுகிறார்களே, அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். வண்டிக்குப் பத்தடி முன்னால் தரை வெளுத்துக் கிடந்தால் கண்ணின் பாப்பா சுருங்கிவிடும். சுருங்கிய கண்ணுக்குத் தூரத்து இருட்டு இன்னும் கூடுதல் இருட்டாகத்தான் தெரியும். எல்இடி போட்டவர் தனக்கு நன்றாகத் தெரிகிறது என்று நம்புகிறார். அவருக்குத் தெரிவது பம்பருக்கு முன்னால் இருக்கும் தார்தான். பிரேக் பிடிக்க அவகாசம் தரும் தூரத்தில் கிடக்கும் மாட்டை அவரும் பார்ப்பதில்லை, அவர் கண்ணைக் கூச வைத்ததால் நானும் பார்ப்பதில்லை.

மழை வந்தால் இன்னும் மோசம். கடையில் கிடைக்கும் இந்தப் பல்புகள் பெரும்பாலும் ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் கணக்கில் 6,000க்கு மேல், அதாவது நீலம் பாய்ந்த வெள்ளை. வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பனிமூட்டத்துக்குள் அதைப் போட்டுக்கொண்டு போனால், முன்னால் ஒரு வெள்ளைத் திரைதான் நிற்கும். இறங்குகிறவன் வளைவில் திரும்பும்போது ஏறுகிறவனின் முகத்தில் நேராக அடிக்கும். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம். அங்கே இரண்டு நொடி கண் தெரியாமல் போவது என்றால் என்ன என்று அந்தச் சாலையில் தினமும் பஸ் ஓட்டுகிற டிரைவர்களிடம் கேளுங்கள்.

சமவெளியிலும் கணக்கு இரக்கமில்லாததுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறோம். கண் கூசி மூன்று நொடி ஒன்றும் தெரியவில்லை என்றால் 50 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். வயதானவர்களுக்குக் கண் தெளிய இன்னும் நேரமாகும். கண்புரை தொடங்கியவர்களுக்கு அந்த வெளிச்சம் கண்ணுக்குள்ளேயே சிதறிப் பரவும். என் அப்பா இருட்டியபின் வண்டி எடுப்பதையே விட்டுவிட்டார். அவருக்கு ஓட்டத் தெரியாமல் போகவில்லை. சாலையை இவர்கள் பறித்துக்கொண்டார்கள்.

டிம் அடித்துக் காட்டினால் என்ன நடக்கிறது தெரியுமா? எதிரே வருகிறவர் நான் லோ பீமில்தான் வருகிறேன் என்று நிரூபிப்பதற்காக ஹை பீமை ஒருமுறை போட்டுக் காட்டுகிறார். அதாவது ஏற்கெனவே கூசிய கண்ணில் இன்னொரு அடி. அவர் பொய் சொல்லவில்லை, லோ பீமில்தான் வருகிறார். அவர் மாட்டியிருக்கும் பல்பில் லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் எதிரே இருப்பவனுக்கு வித்தியாசமே தெரியாது. டிம் அடிப்பது என்ற ஒரு நல்ல பழக்கம், இரண்டு ஓட்டுநர்கள் பேசாமலே ஒருவருக்கொருவர் காட்டும் மரியாதை, இந்தப் பல்பால் செத்துக்கொண்டிருக்கிறது.

காரில் இருப்பவனுக்காவது சுற்றிலும் தகடு இருக்கிறது. திருப்பூரில் இரவு ஷிப்ட் முடிந்து மொபெட்டில் ஊருக்குத் திரும்பும் பெண்ணுக்கு என்ன இருக்கிறது? பல பைக்குகளில் ஹாலஜன் பல்பே 35 வாட்தான். அந்த மங்கிய வெளிச்சத்தை நம்பி, விடிவதற்கு முன் பால் கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர் மேல் இந்த வெள்ளை வெளிச்சம் பாயும்போது அவர் என்ன செய்வார்? மண்ணில் இறங்குவார். மண் ஓரம் அரை அடி பள்ளமாக இருக்கும். விழுவார். விழ வைத்தவனுக்கு அவர் விழுந்ததே தெரியாது, அவன் அதற்குள் அடுத்த ஊரில் இருப்பான். நம் சாலைகளில் இதை விடக் கேவலமான காரியம் எனக்குத் தெரியவில்லை.

தைப்பூசம் நெருங்கும்போது என் வயிறு கலங்கும். ஈரோடு, திருப்பூர், கோவை, சேலம் எனத் திசையெங்கும் இருந்து பழனிக்கு நடக்கிறார்கள். எடப்பாடியிலிருந்து காவடி கட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். வெயிலுக்குப் பயந்து பலரும் இரவில்தான் நடக்கிறார்கள். பைகளில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்கிறார்கள், ஓரமாகவே போகிறார்கள், குழந்தைகளை உள்பக்கம் விடுகிறார்கள். அவர்கள் செய்யவேண்டியதெல்லாம் செய்கிறார்கள். ஆனால் எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் கண் இருண்ட ஓட்டுநருக்கு அந்த ஸ்டிக்கர் தெரியுமா? முருகனைப் பார்க்க நடக்கிறவர்களின் உயிரை ஒரு பல்பு விற்கிறவனின் லாபத்துக்கு ஏன் பணயம் வைக்கவேண்டும்?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்கவேண்டும், அல்லது ஓட்டுநர் தாழ்த்தக்கூடியதாக இருக்கவேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள ஒருவரின் கண்ணைக் கூச வைக்கக்கூடாது என்று அளவோடு சொல்கிறது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியில் மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஹெல்மெட்டுக்கு நிறுத்துகிறீர்கள், நல்லது, நிறுத்துங்கள். அதே இடத்தில் இரவு எட்டு மணிக்கு நின்று கண்ணைக் கூச வைக்கும் வண்டிகளை ஏன் நிறுத்துவதில்லை? கண்டுபிடிக்கக் கருவிகூட வேண்டியதில்லை, நிற்கிற காவலரின் கண்ணே போதும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்குப் போகும்போது பழைய பல்பை மாட்டிக் காட்டிவிட்டு, திரும்பி வந்ததும் எல்இடியை மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே சாலையில்தான் பிடிக்கவேண்டும்.

வெளிநாட்டில் அனுமதிக்கிறார்களே என்று ஒரு வாதம் வரும். ஜெர்மனியில் 2020இல் ஓஸ்ராம் நிறுவனத்தின் எல்இடி மாற்று பல்புக்கு அனுமதி கொடுத்தார்கள், உண்மை. ஆனால் எந்த வண்டி, எந்த ஹெட்லைட் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, பட்டியலில் உள்ள மாடல்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். பட்டியலில் இல்லாத வண்டியில் போட்டால் அங்கேயும் சட்டவிரோதம்தான். பெட்டியில் முகவரிகூட இல்லாத பல்புக்கு அந்த உதாரணத்தைக் காட்டுகிறவர்களுக்கு வெட்கம் வேண்டும்.

ஹாலஜன் வெளிச்சம் போதவில்லை என்பது பல வண்டிகளில் உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குறை பெரும்பாலும் பல்பில் இல்லை. பழைய வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் மெல்லிய ஒயர் வழியாக ஸ்விட்சுக்குள் புகுந்து வருகிறது. வழியிலேயே வோல்டேஜ் குறைந்துவிடும். ஹாலஜனில் ஒரு வோல்ட் குறைந்தாலே ஏறக்குறைய கால் பங்கு வெளிச்சம் போய்விடும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு தனி ஒயர் இழுத்து, ஸ்விட்சுக்குப் பதிலாக அந்த மின்சாரத்தைத் தாங்கும் ரிலே போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சளான ஹெட்லைட் கண்ணாடியைத் தேய்த்து எடுங்கள். ரிஃப்ளெக்டர் மங்கியிருந்தால் ஹெட்லைட்டையே மாற்றுங்கள். டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சமதரையில், ஏதாவது ஒரு குடோன் சுவருக்கு 10 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, லோ பீமின் மேல்விளிம்பு ஹெட்லைட் உயரத்தை விடச் சுமார் 10 சென்டிமீட்டர் கீழே விழுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பின்னால் இருக்கும் திருகைத் திருப்பி இறக்குங்கள். குடும்பத்தையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோவிலுக்குப் போகும்போது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது வெளிச்சத்தைத் தாழ்த்துவதற்கென்றே பல கார்களில் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சக்கரம் இருக்கிறது. வாங்கிய நாள் முதல் அதைத் தொடாதவர்கள்தான் ஏராளம். தொடுங்கள்.

எல்இடியை ஏற்கெனவே மாட்டியிருந்தால் நாளைக் காலையில் கழற்றுங்கள். பழைய பல்பு இல்லாவிட்டால் உங்கள் வண்டியின் கையேட்டில் எந்த பல்பு என்று போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். எச்4 என்றால் 60/55 வாட். 100/90 வாட் இருக்கிறது, இதைப் போடுங்கள் என்று எடுத்து நீட்டுவார்கள். அதுவும் சட்டவிரோதம், ஒயரையும் உருக்கிவிடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு 60/55 மட்டும் வாங்கி வாருங்கள்.