அது படத்துக் கதை

ஒரு நண்பர், அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ‘மூன்லைட்’ கிரஹாம் 1922 சீசனின் கடைசி நாளில் ஆடிவிட்டு, உடனே பேஸ்பாலை விட்டு டாக்டராகிவிட்டார் என்கிறார். அது ‘ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்’ படத்துக்காக மாற்றிய கதை. நிஜத்தில் அவர் ஆடியது 1905 ஜூன் 29, அதாவது சீசன் நடுவில். அவருடைய நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி புரூக்ளின் அணியை 11-1 என்று நொறுக்கிக்கொண்டிருந்தபோது, ரைட் ஃபீல்டில் (வலப்பக்க ஃபீல்டிங் இடம்) அவரை மாற்று ஆளாக இறக்கினார்கள். பேட்டோடு அடுத்து தன் முறைக்காக நின்றிருக்கிறார். முன்னால் ஆடியவர் அடித்த பந்து கேட்ச், மூன்றாவது அவுட்; மூன்று அவுட் ஆனால் அணியின் பேட்டிங் முறை முடிந்துவிடும். பாவம், பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீகில் அப்புறம் வாய்ப்பே வரவில்லை. ஆனால் உடனே விட்டுவிடவில்லை. ஸ்க்ரான்டன் போன்ற சிறிய லீக் அணிகளில் 1908 வரை ஆடினார். மின்னசோட்டாவின் சிஷோம் ஊரில் டாக்டராக இருந்தது மட்டும் உண்மைதான். இறந்ததும் படம் சொல்வதுபோல் 1972 அல்ல, 1965.