பேத்திக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பேன்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை. பேத்தி எல்லோர் முன்னாலும் பைபிளில் துதிப்பாட்டாக இருக்கிற 23ஆம் சங்கீதத்தை எங்கும் தடுக்காமல் சொன்னாள். அங்கே இருந்த ஒருவர், பாராட்ட மனம் வராவிட்டால் சும்மா இருந்திருக்கலாம். "இந்த வயசிலேயே மூளைச்சலவையா?" என்று அவள் காதுபடக் கேட்டிருக்க வேண்டாம். அந்தச் சொல் அவளுக்குப் புரியவில்லை, ஆனால் கேட்ட குரல் புரிந்துவிட்டது. அப்புறம் அவள் வாயே திறக்கவில்லை.

பேரப்பிள்ளைக்கு வேதம் சொல்லிக்கொடுப்பது தாத்தா பாட்டியின் உரிமை. கடமை என்றும் சொல்வேன். பைபிளில் அப்போஸ்தலர் பவுல் தன் இளம் சீடன் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தை, அதாவது கடிதத்தை, திறந்தால் முதல் அதிகாரத்திலேயே அவனுடைய பாட்டி லோவிசாள் வருகிறாள். அவளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் உன்னிடமும் இருக்கிறது என்கிறார் பவுல். தீமோத்தேயுவின் அப்பா யூதரல்லாத கிரேக்கர். அப்படிப்பட்ட வீட்டிலும் அந்தப் பிள்ளை சிறுவயது முதல் வேத எழுத்துக்களை அறிந்து வளர்ந்தான்.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராத்திரி நான்தான் வாசித்துக் காட்டுவேன். தூக்கக் கலக்கத்தில் 121ஆம் சங்கீதத்தில் ஒரு வரியைத் தாண்டினால், "நடுவிலே ஒண்ணை விட்டுட்டியே, திரும்ப வாசி" என்பாள். கேட்டுக் கேட்டே அத்தனையும் அவளுக்கு மனப்பாடம். என்னை யாரும் அடித்து உட்கார வைக்கவில்லை. அவள் பக்கத்தில் இருக்கப் பிடித்தது, இருந்தேன். அதற்கா மூளைச்சலவை என்று பெயர்?

"வளர்ந்த பிறகு அவளே தேர்ந்தெடுக்கட்டும்" என்பீர்கள். சரி, தேர்ந்தெடுக்கட்டும். எதுவுமே தெரியாமல் எதைத் தேர்ந்தெடுப்பாள்? ஒன்றும் சொல்லாமல் வளர்ப்பதும் அவளுக்காக நாம் எடுக்கும் முடிவுதானே! கேள்வி கேட்காத பிள்ளையாகிவிடுவாள் என்ற பயமும் வேண்டாம். பைபிளில் உபாகமம் என்ற புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தில், "இதெல்லாம் என்ன?" என்று பிள்ளை கேட்கும், அப்போது பதில் சொல் என்றுதான் இருக்கிறது. 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று கடவுளையே கேட்கிறது. இதைப் படிக்கிற பிள்ளையா கேள்வி கேட்காமல் போய்விடும்?

மற்ற மதத்துக்காரர்களை வெறுக்கச் சொல்லித்தருகிறேன் என்றும் ஒருவர் சொன்னாராம். என்னைத் தெரிந்தவர்கள் அதை நம்ப மாட்டார்கள்.

உண்மையைச் சொன்னால், கேட்டவர் மேல்கூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. என் மகன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். அதே 23ஆம் சங்கீதத்தை அவனுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் சொல்லிவிட்டுப் போனவன் அவன். "என் பொண்ணு ஆசையாப் படிச்சா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ விசுவாசத்தில் எங்கே இருக்கிறாய் என்று நான் ஒருநாளும் உன்னை விசாரித்ததில்லையே தம்பி! உன் பிள்ளைக்காகவாவது பேசியிருக்கக் கூடாதா?

அடுத்த சங்கீதம் எது என்று அவளிடமே கேட்கப்போகிறேன். வேண்டாம் தாத்தா என்று அவள் சொன்னால் அன்றே நிறுத்திவிடுகிறேன். வேறு யார் சொன்னாலும் நிறுத்த மாட்டேன்.