தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டித் தூக்கிட்டேன் சார், இனிமே என்ஜின் சூடே ஆகாது!

என்ஜின் தண்ணி சூடானப்புறம்தான் ரேடியேட்டருக்கு வழி விடுற வால்வு அது. மெக்கானிக்குங்க சொல்ற இந்த ஒரு வாக்கியத்தை இன்னும் எத்தனை வருஷம் கேக்கணும்? அம்பாசடருக்குச் சொன்னாங்க, பத்மினிக்குச் சொன்னாங்க, மாருதி 800க்குச் சொன்னாங்க. இப்போ ரெண்டு கதவு, டர்போ, ஏழு கியர் வச்ச ஒரு ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காருக்கும் அதே கஷாயத்தைக் குடுத்து அனுப்பியிருக்காங்க.

கம்ப்ளைன்ட் என்ன? ட்ராஃபிக்ல நின்னா கொஞ்சம் சூடு காட்டுது. அவ்வளவுதான். ஃபேன் எல்லா ஸ்பீடுலயும் ஓடுதான்னு பாத்தாங்களா? ஏசி கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல மெத்தை மாதிரி அடைஞ்சு கிடக்குற தூசியைப் பாத்தாங்களா? தண்ணி ஊத்துற மூடி பிரஷர் பிடிக்குதான்னு பாத்தாங்களா? 1.4 பார் மூடி ஒழுங்கா பிடிச்சா வெறும் தண்ணிகூட 126 டிகிரி வரைக்கும் கொதிக்காது. மூடி ரப்பர் போனா 100லயே குமிழி விடும். நூறு ரூபா டார்ச் லைட் இருந்தா பாதியைக் கண்ணால பாத்துடலாம். ஆனா அதெல்லாம் வேலை. வால்வைத் தூக்குறது கைராசி.

"நம்ம ஊரு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? வெள்ளைக்காரன் பனியில ஓட்டுறதுக்கு வச்சது."

அண்ணே, என்ஜின் கேக்குறது 90 டிகிரி. அதுக்கு முன்னாடி நம்ம ஊரு 40 டிகிரி கத்திரி வெயிலும் மார்கழிதான்.

அந்த வால்வு பண்ற வேலையைப் பாக்கணும்னா ஒரு சட்டி போதும். தண்ணி வச்சு, வால்வை நூல்ல கட்டித் தொங்கவிட்டு, அடுப்பைப் பத்தவைங்க. சாதா வால்வா இருந்தா 82லேர்ந்து 88க்குள்ள உள்ள இருக்குற மெழுகு உருகி, வீங்கி, ஊசியைத் தள்ளும். தட்டு மெதுவா வாயைத் திறக்கும். ஆற வச்சா மூடிக்கும். கரண்ட் வேணாம், சம்பளம் வேணாம்.

இந்த வண்டியில இருந்தது அதுக்கும் மேல. மெழுகுக்குள்ள ஒரு குட்டி ஹீட்டர், அதுக்கு ஒரு வயர். சும்மா உருட்டும்போது மைலேஜுக்காக 100 டிகிரிக்கு மேல வச்சுக்கும். ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கினா, ஹீட்டருக்குக் கரண்ட் குடுத்து வால்வை முன்னாடியே திறந்து 90 பக்கம் இறக்கும். பவர் கேக்குறப்போ நாக்கிங் (பெட்ரோல் கண்ட நேரத்துல தானா வெடிச்சுத் தட்டுறது) வரக்கூடாது, அதுக்காக ஸ்பார்க் அடிக்குற நேரத்தைப் பின்னுக்கு இழுக்கக்கூடாதுன்னு யாரோ ராத்திரி பகலா உக்காந்து யோசிச்ச ஏற்பாடு. அதைப் பிடுங்கிப்போட்டு, வயர் முனையில கறுப்பு இன்சுலேஷன் டேப் சுத்தி, ஒரு ஹோஸ் மேல கட்டி விட்டிருக்காங்க. டேப்பை மட்டும் அவ்வளவு நேர்த்தியா சுத்தியிருக்காங்க, பாத்தா கோவமே வரமாட்டேங்குது.

வயர் அறுந்த மாதிரி இருக்குன்னு இசியு, அதான் என்ஜின் கம்ப்யூட்டர், பி0597னு கோளாறு கோடு போட்டது. தண்ணி சூடே ஏறலன்னு பி0128 போட்டது. பாவம், வாய் இருந்தா கதறியிருக்கும். இவங்க ஸ்கேனரை மாட்டி ரெண்டையும் அழிச்சாங்க. "லைட்டும் அணைஞ்சிடுச்சு சார், பாருங்க." ஃபயர் அலாரத்துக்கு பேட்டரியைக் கழட்டிட்டு, நெருப்பு அணைஞ்சிடுச்சுன்னு சொல்ற கதை.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஓனர் அந்த வண்டியை எடுத்துக்கிட்டு சென்னைக்குப் பக்கத்துல இருக்குற இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் போறார். விடியக்காலம், பூந்தமல்லி தாண்டி நேர் ரோடு. வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி ரீடர்ல கூலண்ட், அதான் என்ஜின் தண்ணி, 64 டிகிரி. அரைமணி நேரம் ஆகியும் 64. ஆயில் கூலர் அந்தத் தண்ணியோடதான் சேந்து வேலை செய்யுது, அதனால ஆயிலும் 70ஐத் தாண்டல. இசியுவைப் பொறுத்தவரைக்கும் என்ஜின் இன்னும் தூங்கி எந்திரிக்கல. பெட்ரோலைக் கூடுதலா ஊத்துது, டர்போ தள்ளுற காத்தழுத்தத்தை, அதான் பூஸ்டை, முழுசா குடுக்க மாட்டேங்குது. ஓனர் அமுக்குறார், வண்டி யோசிக்குது. பக்கத்துல ஒரு டீசல் டாக்சி சைடு வாங்கிட்டுப் போகுது.

இப்படியே ஒரு மாசம் ஓட்டுனா ஆயில்ல சேந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகப் போக வழியில்லாம, ஆயில் மூடிக்கு அடியில தயிர் மாதிரி படியும். அதைப் பாத்துட்டு, என்ஜினோட மேல் பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்குற சீல் போய் ஆயில்ல தண்ணி கலந்துடுச்சுன்னு நெனச்சு, அதே ஆளு சொல்லுவார்: "ஹெட் கேஸ்கெட் போச்சு சார்."

சரி, ட்ராக்குக்கு வந்தாச்சு. குளிர்ச்சிதானே வேணும்னு வால்வைத் தூக்குனீங்க, இங்கயாவது குளிரணும்ல? மூணாவது லேப்புல 104. 109. 114. டேஷ்போர்டு முள்ளு? நட்ட நடுவுல, தியானத்துல. பெரும்பாலான வண்டியில முள்ளு அப்படித்தான், 75லேர்ந்து 110 வரைக்கும் எதுக்கும் அசையாத மாதிரியே செட் பண்ணியிருப்பாங்க, கஸ்டமர் பயந்துடக்கூடாதுன்னு. அப்புறம் 118, சிவப்பு லைட், ஏசி கட், பூஸ்ட் கட், வண்டி மாட்டுவண்டி. ரோட்டுல ஜலதோஷம், ட்ராக்குல ஜுரம், ஒரே காலையில.

ஏன்? அந்த வால்வுக்கு ரெண்டு தட்டு. மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போது, கீழ் தட்டு, ரேடியேட்டருக்குப் போகாம நேரா பம்புக்குத் திரும்புற பைபாஸ் வழியை அடைக்கும். வால்வே இல்லன்னா பைபாஸ் எப்பவும் திறந்த வீடு. பாதித் தண்ணி ரேடியேட்டர் பக்கமே போகாம, சுட்ட தண்ணியாவே பம்புக்குத் திரும்பும். சும்மா உருட்டும்போது மிச்சப் பாதியே தேவைக்கு மேல, அதனால 64. முழு லோடுல அது பத்தாது, அதனால 118. போதாக்குறைக்கு, வால்வு குடுக்குற தடை போயிட்டா என்ஜின் பிளாக்குக்குள்ள பிரஷர் குறையும். புகை வெளியேறுற எக்ஸாஸ்ட் வால்வு பக்கம் (இது வேற வால்வு) தண்ணி அங்கங்க ஆவியாகும், ஆவி சூட்டை இழுக்காது. இதுக்கு "தண்ணி வேகமா ஓடுறதால ரேடியேட்டர்ல ஆறுறதுக்கு டைம் இல்ல"ன்னு இன்னொரு கோஷ்டி விளக்கம் குடுக்கும். அதுவும் தப்பு. வேகமா ஓடுனா சூடு அதிகமாத்தான் இறங்கும். அவங்ககிட்ட தனியா இன்னொரு நாள் சண்டை போட்டுக்கலாம்.

"ரேஸ் வண்டிக்கு கூலிங்தான் பவர்"னு எங்கயோ கேட்டது காற்றைப் பத்தி. உள்ள இழுக்குற காத்து 10 டிகிரி குறைஞ்சா அடர்த்தி 3 சதவீதம் கிட்ட ஏறும், பவரும் ஏறும். அதைக் கொண்டுவந்து தண்ணிக்குப் போட்டா எப்படி?

ஆவி வந்ததும் கூட வந்த நண்பர் ஒருத்தர் துணியோட மூடியைத் திறக்க ஓடினாராம். நல்லவேளை, யாரோ சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க. பிரஷர்ல 120 டிகிரியில நிக்கிற தண்ணி, மூடி திறந்த நொடியில ஆவியா முகத்துக்கு வரும். ஒரு மணி நேரம் விடுங்கப்பா.

இதுல "கூலண்ட் ஆயில்" வேற. அது ஆயில் இல்ல, எத்தனை தடவை சொல்றது. கன்சன்ட்ரேட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி, வண்டிக்குன்னு சொன்ன ரகம் மட்டும். இவங்க ஊத்தியிருந்தது பச்சையும் பிங்க்கும் கலந்து, மேல போர் தண்ணி. ரகம் மாறிக் கலந்தா சில சமயம் கூழாகும், போர் தண்ணி உள்ள உப்புப் படியும். முதல்ல சூடு காட்டுனதுக்குக் காரணமே அதுவா இருக்கலாம்.

இப்ப என்ன வேலை? முழுசா ஃப்ளஷ், புது வால்வு, புது ஓ-ரிங். நிரப்பும்போது ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து வச்சு, ஹீட்டரை முழுச் சூட்டுல போட்டு, குமிழி நிக்கிற வரைக்கும் காத்து எடுக்கணும். ஆறினதும் மறுபடி லெவல். ஹெட்டைக் கழட்ட வேண்டி வந்தா, நேர்ப்பட்டை வச்சு, இடைவெளி அளக்குற ஃபீலர் கேஜ்ல வளைவு 0.05 மில்லிமீட்டருக்கு மேல போகுதான்னு பாத்துட்டுத்தான் லேத்துக்கு. வால்வைத் தூக்க இருபது நிமிஷம், இதுக்கு நாலு நாள்.

அதையும் விடுங்க. வண்டியை லிஃப்டுல ஏத்தி அடியில பாத்தா, வண்டியோட அடிப்பக்கத்தை மூடுற தட்டுக்குப் பதினோரு ஸ்க்ரூ இருக்கணும். நாலு இருக்கு. நாலும் நாலு சைஸ். மிச்ச இடத்துக்கு கேபிள் டை. எந்த ஊரு, எந்த ஷெட்டா இருந்தாலும் சரி, வண்டியைத் திறந்து மூடுனா ஸ்க்ரூ மட்டும் எப்படிய்யா மிச்சமாகுது? எல்லாத்தையும் சேத்து வச்சு என்னதான் கட்டுறீங்க?