மாலத்தீவு: கடலைவிட வாடகைதான் பெரிய பயம்

தேனிலவு ஜோடிகளின் மாலத்தீவுப் படங்கள் டைம்லைனில் வரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது தலைநகர் மாலேயில் நான் தங்கும் அறையின் ஜன்னல்தான். திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கையை நீட்டினால் தொட்டுவிடலாம். வடக்கே ஒரு சின்னத் தீவில் இரண்டு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஊருக்குப் போக வர மாலே வழியாகத்தான் போயாக வேண்டும், அதனால் அந்த அறை.

"அது முழுகப் போற நாடாச்சே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். முழுகலாம்தான். ஏறத்தாழ 1,200 தீவுகள், அத்தனையையும் சேர்த்தாலும் நிலம் சுமார் 300 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர்கூட உயரமில்லை. 2009இல் அதிபர் நஷீத் கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்தியதை உலகமே பார்த்தது. ஆனால் அங்கே ஹோட்டாவில் (டீக்கடையை அப்படித்தான் சொல்வார்கள்) உட்கார்ந்து மாஸ் ஹுனி (மீனும் தேங்காய்த் துருவலும் பிசைந்தது) சாப்பிடுகிறவர்கள் யாரும் அதைப் பேசி நான் கேட்டதில்லை. வாடகையைப் பற்றித்தான் பேச்சு.

மக்கள் இருக்கும் தீவுகள் இருநூறுக்கும் குறைவு. 2022 கணக்கெடுப்பில் வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து 5 லட்சத்துச் சொச்சம் பேர், அதில் பத்துக்கு நான்கு பேர் மாலே பகுதியில். பழைய மாலே இரண்டு சதுர கிலோமீட்டர் இருந்தால் அதிகம். இரண்டு அறை வீட்டில் மூன்று தலைமுறை, ஒருவர் எழுந்து வேலைக்குப் போனால் அந்தப் பாயில் இன்னொருவர். வங்கதேசத் தொழிலாளர்கள் இருக்கும் அறைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஏன் வருகிறார்கள்? நல்ல ஆஸ்பத்திரி, மேல்படிப்பு, அரசு வேலை எல்லாம் அங்கேதான் குவிந்து கிடக்கிறது. என் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போட்ட ஒரு பெண் மேல்படிப்புக்கு மாலே போனாள், அவளுக்குத் துணையாக அம்மா, ஆறு மாதத்தில் தம்பி. தீவில் அப்பாவும் பூட்டிய இரண்டு அறையும் மட்டும். சுனாமியில் கிணற்று நீர் உப்பாகிப்போன தீவுகளின் கதை தனி.

கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்ற தீவை உருவாக்கினார்கள், 2018இல் மாலேயிலிருந்து பாலமும் போட்டுவிட்டார்கள். அங்கே காற்று வருகிறது, சரி. ஆனால் அதுவும் மாலேக்கு ஒட்டிய இடம்தானே? வடக்கிலும் தெற்கிலும் இருக்கும் தீவுகளில் ஒரு நல்ல ஆஸ்பத்திரியைக் கட்டி, அதில் டாக்டர் தங்கும்படி செய்யாமல், இங்கேயே மேலும் மேலும் மண்ணைக் கொட்டினால் கூட்டம் இன்னும் இங்கேதான் வரும். இப்படி ஒரே இடத்தில் குவித்ததன் விலையை 2014 டிசம்பரில் பார்த்தார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தது, ஊர் முழுக்கக் குழாய் வறண்டது, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. சுற்றிலும் கடல், கை கழுவத் தண்ணீர் இல்லை.

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊர்த் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போகும், அவர்களும் படகை தோணி என்றுதான் சொல்கிறார்கள், மாசிக் கருவாடும் இரண்டு ஊருக்கும் பொது. அந்த உரிமையில் சொல்கிறேன்: ரிசார்ட்டுக்குப் போகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து நேரே ஸ்பீட்போட்டில் ஏறிவிடாமல் ஒரு ராத்திரி மாலேயில் தங்குங்கள். ஜன்னல் இருக்கும் அறையாகக் கேட்டு வாங்குங்கள், எல்லா அறைக்கும் இருக்காது.