ஓசோன் ஊசியும் முழங்கால் குருத்தெலும்பும்

அண்ணா ஒருவர் தன் பதிவில், ஓசோன் ஊசி (ஓசோன் வாயுவை மூட்டுக்குள் செலுத்துவது) போட்டால் முழங்காலில் தேய்ந்த குருத்தெலும்பு, அதாவது எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான திசு, திரும்ப வளரும் என்று எழுதியிருக்கிறார். ஊசிக்குப் பிறகு அவருடைய வலி குறைந்ததை நான் மறுக்கவில்லை. திருகோணமலையில் கோணேசர் கோயில் ஏற்றத்தில் பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் பெரியம்மாவுக்கு அந்த நிம்மதி எவ்வளவு பெரிது என்று தெரியும். ஆனால் வலி குறைவது வேறு, குருத்தெலும்பு வளர்வது வேறு. ஓசோன் அதை மீண்டும் வளர்க்கும் என்பது மனிதர்களில் நிறுவப்படவில்லை.

நீங்களே பார்க்கலாம். 2017இல் பிளாஸ் வன் என்ற அறிவியல் ஆய்விதழில் பிரேசில் மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வந்தது. இணையத்தில் காசில்லாமல் வாசிக்கலாம். மூட்டுத் தேய்வு உள்ள 98 பேரில் ஒரு பகுதியினருக்கு ஓசோன், மற்றவர்களுக்கு வெறும் காற்று, வாரம் ஒரு ஊசியாக 8 வாரம். ஓசோன் பெற்றவர்களுக்கு வலி கூடுதலாகக் குறைந்தது, சரி. அதில் எதை அளந்தார்கள் என்ற பகுதியை வாசியுங்கள்: வலி, அசைவு, அன்றாட வாழ்க்கை. குருத்தெலும்பின் தடிப்பு அங்கே இல்லை.

யாராவது 'வளர்ந்துவிட்டது' என்று எக்ஸ்ரே காட்டினால், ஒன்றைக் கவனியுங்கள். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு நேரடியாகத் தெரியாது, எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் தெரியும். எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் எடுக்கும் ஸ்கேன்) எடுத்தால் குருத்தெலும்பே தெரியும். ஊசிக்கு முன்னும் பின்னும் எடுத்த எம்.ஆர்.ஐ. இருக்கிறதா என்று கேளுங்கள்.